அழுத கண் மாதிரி

அந்தப் போனைப் பைக்குள் வைத்துவிடு அம்மா. இப்போது பார்க்காதே. ஐஸ் பையைக் கண்மேல் வைத்துக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்துக்கொள். அழாதே. அழுதால் இன்னும் வீங்கும். நானாகச் சொல்லவில்லை, உள்ளே இருக்கிற சிஸ்டர் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரர் மருந்து வாங்கத்தானே போயிருக்கிறார்? அந்தக் கடையில் எப்போதும் கூட்டம். வர நேரமாகும். நான் இந்தப் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறேன். டாக்டரம்மாவைப் பார்க்க வந்தவன். எனக்கும் இதே இமை ஆபரேசன்தான், முடிந்து மாசக்கணக்கு ஆகிறது. அன்றைக்கு நானும் இங்கேதான் ஐஸோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் கூட்டாளி பால்ச்சாமி முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவனுக்குப் பக்கத்தில் முறுக்குச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும்.

ஒன்று சொல்கிறேன், பயப்படக்கூடாது. இப்போது போனில் பார்த்தாயே, இதுதான் நல்ல முகம். நாளைக்கு இதைவிட வீங்கும். அதற்கு மறுநாள் கண்ணே இருக்காது, இரண்டு பணியாரம்தான் இருக்கும். அப்புறம் இறங்க ஆரம்பிக்கும். ஆனால் இரண்டும் சேர்ந்து இறங்காது. அதுதான் இதில் இருக்கிற கொடுமை. ஒரு கண் முந்திக்கொள்ளும். இன்னொன்று வருவேனா பார் என்று உட்கார்ந்திருக்கும். எனக்கு இடது முந்திக்கொண்டது, வலது பிந்திக்கொண்டது. அதனால்தான் இவ்வளவும் நடந்தது என்று சில நேரம் தோன்றுகிறது.

நீ எதற்காகச் செய்துகொண்டாய் என்று கேட்கமாட்டேன். என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். அந்தக் கேள்வி எப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியும். நான் எதற்காகச் செய்துகொண்டேன் என்று வேண்டுமானால் சொல்கிறேன், நேரம் போகும். ஐஸை எடுக்காதே. காது கேட்டால் போதும்.

எனக்கு ராஜபாளையம். எட்டாவதுக்கு மேல் படிப்பில்லை. பஞ்சு கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு மில்லில் சேர்ந்தேன். மில் நூலகத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, எழுத்து வேலைக்கு வந்து, கடைசியில் டைம் ஆபீஸில் உட்கார்ந்தேன். ஷிப்டுக்கு வருகிற ஆட்களை ஒரு ஜன்னல் வழியாகப் பார்த்து உள்ளே அனுப்புகிற வேலை. யார் குடித்திருக்கிறான், யார் தூங்கவில்லை, யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன். தூக்கக் கண்ணோடு மெஷினிடம் போனால் கை போய்விடும். "வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டு நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்புவேன். கும்பிடுவார்கள், சத்தியம் செய்வார்கள். வாய் என்ன சொன்னாலும் கண் சொல்கிறதுதான் நிஜம் என்று அந்த ஜன்னலில் கற்றுக்கொண்டது. அதில் நான் ஏமாந்ததே இல்லை.

என் சம்சாரம் பெயர் சௌந்திரம். இறந்து வருசம் தாண்டிவிட்டது. சிறுநீரகம். ரொம்ப நாள் எங்களைப் படுத்தினாள் என்று சொல்லமாட்டேன், பட்டது அவள்தான்.

எனக்கு அழுகை வராது அம்மா. மனசு கல் என்று அர்த்தமில்லை. அது உடம்புவாகு. சிலபேருக்கு வியர்க்காது இல்லையா, அது மாதிரி. அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் நான் பந்தல்காரனுக்கு நாற்காலிகளை எண்ணி ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். யாராவது அதைச் செய்யத்தானே வேண்டும். அவளுடைய அக்கா பேச்சியம்மாள், எனக்கு மதினி, அதைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எந்தங்கச்சி இத்தன வருசமும் ஒரு கட்டையோடல்ல குடும்பம் நடத்திருக்கா" என்றாள். நாற்காலி ஒன்று குறைந்தது, அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் என் இமைகள் வேறு மாதிரி. என் அப்பாவுக்கும் அப்படித்தான். வயது ஏற ஏற மேல்தோல் தளர்ந்து, கண்ணின் மேல் தாழ்வாரம் மாதிரி இறங்கிவிட்டது. கீழே இரண்டு பை. சௌந்திரம் இருந்தவரை யாரும் அதைக் கவனித்ததில்லை. அவள் போனபிறகு என்னைப் பார்த்தவன் எல்லாம் குரலைத் தாழ்த்த ஆரம்பித்துவிட்டான். டீக்கடையில் என்னைக் கண்டதும் பாட்டை நிறுத்துவார்கள். காய்கறிக்காரம்மா கேட்காமலே கறிவேப்பிலையை அள்ளிப் போட்டு, "மனசத் தேத்திக்கோங்கய்யா" என்பாள். நான் கத்தரிக்காய் வாங்கப் போயிருப்பேன். என் மனசில் கத்தரிக்காய்தான் இருக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மகள் மங்கையைத்தான் சமாளிக்க முடியவில்லை. மங்கையர்க்கரசி என்று பேர். ஒரே மகள். ஓசூரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே கம்பெனியில் வேலை, சொந்தமாக ஃபிளாட். பள்ளிக்கூடம் போகிற பேத்தி ஒருத்தி. மங்கை தினமும் சாயங்காலம் போனில் முகம் பார்த்துப் பேசுவாள். எடுத்த உடனே இதுதான்.

"அழுதீங்களாப்பா?"

"இல்லத்தா."

"கண்ணப் பாருங்க."

"கண்ணு எப்பவும் இப்படித்தானே."

"எனக்குத் தெரியாதாப்பா? இங்க வந்திருங்கப்பா. வீட்ட வாடகைக்கு விட்டிரலாம். தனியா உக்காந்து நினைச்சு நினைச்சு அழணுமா?"

நான் எதையும் நினைத்து அழவில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை. வீட்டை விட்டு வர முடியாது என்பதற்கு நானும் காரணம் சொல்லிப் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். பிடிக்க ஆள் வேண்டும். வாடகைக்கு வருகிறவன் சுவரில் ஆணி அடிப்பான். கொல்லையில் கொடியில் சௌந்திரத்தின் சேலை ஒன்று கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்றைக்கு அவள் காயப்போட்டது. அதை எடுத்து மடித்து வையுங்கள் என்று மங்கை சொல்லிக்கொண்டே இருந்தாள். கிடந்தால் என்ன? யாருக்கு இடைஞ்சல்? தூசி படிந்தால் அலசித் திரும்பவும் அதே இடத்தில் போட்டுவிடுவேன். வாடகைக்கு வருகிறவன் அப்படிச் செய்வானா? இதையெல்லாம் சொன்னால் மங்கை பேச்சை மாற்றிவிடுவாள். அப்புறம், "அம்மா புளிக்கொழம்புல கடைசியா என்னப்பா போடுவாங்க? எனக்கு அந்த ருசி வரமாட்டேங்குது" என்று வேறு எதையாவது கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்? போனில் தேடிப் பார் என்றேன். என்னைப் பேச்சில் பிடித்து வைப்பதற்காக அவள் அப்படி ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். தந்திரம்.

முதல் வருசத் திதிக்கு வரும்போது கையோடு கூட்டிப்போவதாக முடிவே செய்துவிட்டாள். டிக்கெட்கூடப் போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் கண்ணில் புரை விழுந்திருக்கிறதா என்று பார்க்க மதுரைக்கு, இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டாக்டரம்மா சின்னப் பெண். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "புரை இல்லங்கய்யா. இமைத் தோல்தான் எறங்கி மறைக்குது. வெட்டித் தச்சிட்டா பார்வையும் நல்லாருக்கும், பாக்கவும் ஃப்ரெஷ்ஷா இருப்பீங்க" என்றார்.

நான் கேட்டேன், "செஞ்சா, அழுத மாதிரி தெரியாதாம்மா?"

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "தெரியாதுங்கய்யா" என்றார்.

எனக்கு அப்போதுதான் வழி திறந்த மாதிரி இருந்தது. மங்கை என்ன செய்கிறாள்? நான் ஜன்னலில் உட்கார்ந்து செய்ததைத்தான் செய்கிறாள். கண்ணைப் பார்த்து முடிவு செய்கிறாள். அப்படியானால் கண்ணைச் சரிசெய்தால் தீர்ந்தது. திதிக்கு வரும்போது அப்பா தெளிச்சியாக இருக்கிறார் என்று பார்ப்பாள், டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுப் போவாள். வீக்கம் எப்போது வற்றும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். கறுப்பு எல்லாம் மறைய ரெண்டு வாரம் ஆகும், முழுசாகச் சரியாகி இரண்டு கண்ணும் ஒன்றுபோல வர சில மாசம் ஆகும், பொறுமை வேண்டும் என்றார். நான் ரெண்டு வாரம் என்பதைக் கேட்டுக்கொண்டேன். மிச்சத்தை வேறு யாருக்கோ சொன்னதாக நினைத்துக்கொண்டேன் போல.

மங்கையிடம் சொல்லவில்லை. சொன்னால் ஓடிவந்து நிற்பாள். பால்ச்சாமியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மில்லில் வாட்ச்மேனாக இருந்தவன், என்னைவிட இளையவன், வாய் அடங்காது. பஸ்ஸில் வரும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணாச்சி, இந்த வயசுல கண்ணத் திறந்து எதப் பாக்கப் போறீங்க? நான் எல்லாத்தயும் பாத்துட்டேன். ஒண்ணுமில்ல."

"சும்மா வா."

"இல்ல, பொண்ணு கிண்ணு பாத்து வச்சிருந்தா இப்பவே சொல்லிருங்க. எனக்கு ஒரு வேட்டி சட்டை எடுக்கணும்ல."

ஆபரேசன் ஒன்றுமில்லை. நீயும்தான் பார்த்தாயே. ஊசிதான் கொஞ்சம் சுருக்கென்றது. அதற்கப்புறம்தான் இருக்கிறது. குனியக்கூடாது. குடம் தூக்கக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கக்கூடாது. தலையை உயர்த்தி மல்லாந்தே கிடக்க வேண்டும். இரண்டு தலையணை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டில் என்னுடையது ஒன்று. இன்னொன்று சௌந்திரத்துடையது, உறை துவைக்காமல் அப்படியே இருந்தது. அதை எடுக்கவில்லை. துவைக்காததை எடுப்பானேன்? போர்வையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டேன். கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். நீ நல்ல தலையணையாக இரண்டு வைத்துக்கொள்.

கண்ணாடியும் பார்க்காதே. நான் பார்த்தேன். காலையில் பார்ப்பேன், பல் விளக்கிவிட்டுப் பார்ப்பேன், சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்பேன். இடது கண் நன்றாகத் திறந்துகொண்டது. எனக்கே புதுசாக இருந்தது, வாலிபத்தில் எடுத்த போட்டோவில் இருக்கிற கண் மாதிரி. வலது தடித்துக் கன்றிப்போய் பாதிக்குத்தான் திறந்தது. அதிலிருந்து தண்ணீர் வேறு வடிந்துகொண்டே இருந்தது. அது அழுகை இல்லை அம்மா. இமை முழுசாக மூடாவிட்டால் கொஞ்ச நாள் அப்படி வடியுமாம். டாக்டரம்மாவே சொன்னார்.

பால்ச்சாமி தினமும் வந்து பார்ப்பான். "அண்ணாச்சி, ஒங்க எடது கண்ணு ஆச்சரியப்படுது, வலது கண்ணு சந்தேகப்படுது. ரெண்டயும் ஒரு பேச்சுவார்த்தைக்கு உக்கார வைங்க" என்பான். சிரித்தால் தையல் இழுக்கும். அவனை வெளியே போகச் சொல்வேன்.

பொறுக்க மாட்டாமல் இங்கே சிஸ்டருக்குப் போன் போட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அவள் நல்ல பெண். கடைசியில் சொன்னாள்: "தாத்தா, சோறு வேகும்போது மூடியத் தெறந்து தெறந்து பாத்தா என்ன ஆகும்? மூடிய வைங்க. அது பாட்டுக்கு வேகட்டும்." சரிதான். ஆனால் சாப்பிட ஆள் வாசலில் வந்து நிற்கப்போகிறதே, அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மங்கை கூப்பிட்டால் போனில் படம் தெரியவில்லை, கேமரா போய்விட்டது என்றேன். "ஏம்ப்பா முகத்தக் காட்ட மாட்டேங்கறீங்க?" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "உங்க முகத்தப் பாத்தாத்தான்ப்பா எனக்கு அன்னைக்குப் பொழுது போன மாதிரி இருக்கு." என்னை வேவு பார்க்க முடியவில்லை என்று அவளுக்குக் கவலை. திதிக்குத்தான் வரப்போகிறாயே, நேரிலேயே பார்த்துக்கொள் என்றேன்.

திதியும் வந்தது. வலது கண் இறங்கவில்லை.

மங்கையும் மாப்பிள்ளையும் பேத்தியும் காலையில் பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். மங்கை கையிலிருந்த பையை வாசலிலேயே வைத்துவிட்டு, கண்ணாடியை மெதுவாகக் கழற்றினாள். கழற்றிப் பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். சின்னப் பிள்ளையில்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"ஒவ்வொரு நாளும் இல்ல இல்லன்னுதானப்பா சொன்னீங்க."

"ஏத்தா, இது அழுததில்ல. ஆபரேசன்."

"எதுக்குப்பா இன்னமும் எங்கிட்ட மறைக்கிறீங்க?"

அதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேன் வந்துவிட்டது. மதினிதான் முதலில் இறங்கினாள். மகள் அழுவதையும் என் கண்ணையும் பார்த்தாள். பார்த்ததும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஆத்தாடி, இந்த மனுசன நான் கட்டைன்னு சொன்னேனே. எந்தங்கச்சிய நினைச்சு அழுதழுதே கண்ணக் கரைச்சிட்டாரே" என்று குரலெடுத்தாள். வேனில் வந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். வருசம் முழுக்க என்னோடு பேசாத மதினி அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மன்னிக்கணும்" என்றாள். நான் எப்படியம்மா அந்த நேரத்தில் ஆபரேசன் என்பேன்? ஒரு வருசமாகக் கிடைக்காத மரியாதை. கிடைக்கட்டும் என்று இருந்துவிட்டேன். சௌந்திரம் போட்டோவுக்கு மாலை போட்டு, படையல் வைத்து, எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. என் வலது கண்ணும் நிற்காமல் வடிந்துகொண்டிருந்தது. எல்லோரும் என்னையே பார்த்து உச்சுக்கொட்டினார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் மதினி ஒரு ஈரத்துணியை எடுத்துவந்து, "இப்படி உக்காருங்க, கண்ணத் தொடச்சு விடுறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. துடைத்தவள் கை நின்றது. முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தாள்.

"இது என்ன கோடு?"

நான் முகத்தைத் திருப்பப் பார்த்தேன்.

"கத்தி வச்ச கோடுல்ல இது? ரெண்டு கண்ணுலயும் இருக்கு. தச்சிருக்கு."

மாப்பிள்ளை படித்தவர். எட்டிப் பார்த்துவிட்டு, "இது இமைக்குப் பண்றதில்ல மாமா? முகம் எளமையாத் தெரியறதுக்கு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார்.

மதினி துணியைக் கீழே போட்டாள். "வருசம் முடியல. கல்யாணங்காச்சிக்குப் போகக்கூடாது, நல்லது பொல்லதுக்குப் போகக்கூடாதுன்னு நாங்க எல்லாம் இருக்கோம். இவரு மதுரைக்குப் போயி மூஞ்சியத் தச்சிட்டு வந்திருக்காரு. அடுத்து மாலை மாத்தத்தான போறீரு? யாரு அவ?" என்றாள். சாப்பிடாமல் போய் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் போனால் மற்றவர்கள் இருப்பார்களா? இலை போட்டது போட்டபடி கிடந்தது.

பால்ச்சாமிதான் பொறுக்காமல், மங்கையிடம் போய்ச் சொல்லிவிட்டான். "ஏம்மா, நீயாவது வெளங்கிக்க. ஒங்கப்பன் பொண்ணு பாக்கக் கத்தி வைக்கல. நீ தெனமும் அழுதீங்களா அழுதீங்களான்னு கேட்டு, ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்னு மெரட்டுன பாரு, அதுக்குத்தான். நல்லாத்தான் இருக்கேன்னு ஒனக்குக் காட்டுறதுக்கு. வேற ஒரு எழவும் இல்ல."

மங்கை அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஆறிப்போன குழம்பைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தாள். நான் போய் நிலையில் நின்றேன். அவள் திரும்பவில்லை.

"எங்ககூட இருக்கிறது ஒங்களுக்கு அவ்வளவு கஷ்டமாப்பா?"

"கஷ்டம்னு இல்லத்தா. இங்க தண்ணி பிடிக்க ஆள் வேணும்ல."

கொஞ்ச நேரம் கிண்டிக்கொண்டே இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் நிறைய உரித்திருந்தார்கள் அன்றைக்கு. பிறகு, "சரிப்பா. நீங்க இங்கயே இருங்க. இனிமே கேக்க மாட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்கள், என்னுடையதை மட்டும். சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். நான் நினைத்தது நடந்துவிட்டது பார். வலது கண் இறங்காமலே நடந்துவிட்டது. பால்ச்சாமியிடம் சொன்னேன், ஜெயித்துவிட்டோம் என்று. அவன் ஏனோ ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. மிச்சமிருந்த வடையைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

அதற்கப்புறம் வலது கண்ணும் மெல்ல இறங்கியது. ஒருநாள் காலையில் பார்த்தேன், இரண்டும் ஒன்றுபோல இருந்தது. சிஸ்டர் சொன்னது சரி, நான் பார்க்காத நேரத்தில்தான் அது வெந்திருக்கிறது. டீக்கடையில் பாட்டை நிறுத்துவதில்லை. காய்கறிக்காரம்மா கறிவேப்பிலைக்குக் காசு கேட்கிறாள். "என்னய்யா, பத்து வயசு கொறஞ்சு போச்சு" என்கிறார்கள். யாரும் எதுவும் விசாரிப்பதில்லை. நிம்மதிதான். சில நாள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் காது அடைத்த மாதிரி இருக்கும். ஆபரேசனுக்கும் காதுக்கும் சம்பந்தம் உண்டா என்று சிஸ்டரிடம் கேட்டேன். இல்லை என்றாள்.

மங்கை இப்போதும் தினமும் கூப்பிடுகிறாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியை மட்டும் கேட்பதில்லை. சொன்னபடி இருக்கிறாள். புளிக்குழம்பு பற்றியும் கேட்பதில்லை. முகம் காட்டியும் பேசுவதில்லை, வெறும் குரல்தான். "இங்க டவர் சரியில்லப்பா" என்கிறாள். என் முகம் நன்றாக ஆன பிறகு அவள் ஒருதடவைகூட அதைப் பார்க்கவில்லை.

போன வாரம் பேத்தி போனைப் பிடுங்கி எதையோ அமுக்கிவிட்டாள். படம் வந்துவிட்டது. பேத்தி ஒரு பல் விழுந்ததைக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் மங்கை நின்றாள். நான் பார்த்துவிட்டேன் அம்மா. இரண்டு இமையும் தடித்து, சிவந்து, கண்ணின் மேல் இறங்கி இருந்தது. இரண்டும் ஒரே அளவு. என்னுடையது மாதிரி ஏறுமாறாக இல்லை.

"அழுதியாத்தா?" என்றேன்.

"இல்லப்பா. தூக்கமில்ல" என்றாள். படத்தை அணைத்துவிட்டாள்.

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பரம்பரை. என் அப்பாவுக்கு இருந்தது, எனக்கு வந்தது, இப்போது அவளுக்கு. பாவம், சின்ன வயசிலேயே வந்துவிட்டது. அதனால்தான் இன்றைக்கு வந்தேன். என் கண்ணுக்காக இல்லை, அது நன்றாகத்தான் இருக்கிறது. அவளுக்கும் இதே ஆபரேசனுக்கு ஒருநாள் கேட்டு வைக்கலாம் என்று.

சிஸ்டரிடம் சொன்னேன். என்ன வயசு என்று கேட்டாள். முப்பதைத் தாண்டியிருக்கும் என்றேன். "அந்த வயசுல தோல் தொங்காதே தாத்தா. அவங்களுக்கு ஏதாச்சும் மனக்கஷ்டமா?" என்றாள். அவளுக்கு என்ன கஷ்டம்? நல்ல மாப்பிள்ளை, சொந்த வீடு, தங்கமான பிள்ளை. எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எதுக்கும் டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க" என்று உட்காரச் சொன்னாள். கூப்பிட்டார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டேன். உள்ளே போய் எப்படி ஆரம்பிப்பது என்று இன்னும் பிடிபடவில்லை.

ஐஸை ஏன் எடுத்தாய்? வை அம்மா. என்னைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? இது வடிகிறதுதான், சில பேருக்கு ரொம்ப நாள் இருக்குமாம்.

என்ன கேட்டாய்? அவள் அம்மாவை நினைத்து அழுதிருப்பாளோ என்றா?

நான்தான் கேட்டேனே அம்மா. இல்லை என்றுதானே சொன்னாள். அவள் கேட்கும்போதெல்லாம் நானும் அப்படித்தானே சொன்னேன்.